முதலில் கை, அப்புறம் மட்டை

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் கையில் முதலில் ஏறுவது டென்னிஸ் மட்டை அல்ல. பள்ளிக்கூட மைதானத்துப் பூப்பந்து மட்டையோ, வீட்டு வாசலில் ஆடும் ஷட்டில் மட்டையோதான் ஏறும். டென்னிஸ் பிற்பாடு வருகிறது. பலருக்கு அது வேலை கிடைத்து, வயிறு கொஞ்சம் முன்னே வந்து, "ஏதாவது ஆடுங்க சார்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வரும். அதனால் என்ன டென்னிஸ் மட்டை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் பூப்பந்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். கேட்டவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், டீ ஆறுவதற்குள் டென்னிஸுக்கு வந்துவிடுவேன்.

பூப்பந்து இந்த ஊர் ஆட்டம். தஞ்சை அரண்மனைக் குடும்பத்தார் 1856 வாக்கிலேயே அதை ஆடினார்கள் என்று பூப்பந்து வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். இரண்டாம் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசில்லாமல் இறந்துபோய், கம்பெனியார் அரசை எடுத்துக்கொண்ட சமயம் அது. ஆள ராஜ்யம் இல்லாமல் போன அரண்மனையில் சாயங்காலத்தைக் கழிக்க ஒரு விளையாட்டு பிறந்தது என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும். ஆதாரம் மட்டும் கேட்காதீர்கள். புல்தரை டென்னிஸுக்கு விங்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி காப்புரிமை வாங்கியது 1874-ல். அந்தக் கணக்கில் தஞ்சாவூரின் ஆட்டம் டென்னிஸுக்கு மூத்தது.

பெருமையை விட்டுவிட்டு எடைக்கு வருவோம். பூப்பந்து மஞ்சள் கம்பளி நூலில் சுற்றியது, 27 முதல் 30 கிராம் இருக்கும். மட்டை 165 முதல் 185 கிராம். அணிக்கு ஐந்து பேர். பந்து தரையைத் தொடக் கூடாது, வருவதை அந்தரத்திலேயே திருப்ப வேண்டும். பின்னால் வாங்கி ஓங்கி வீச அங்கே நேரமே கிடையாது. மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் பந்து போய்விடும். பத்து வயதிலிருந்து இதை ஆடிய கைக்குச் சின்ன வீச்சு, விரைந்த மணிக்கட்டு, பந்தை முன்னாலேயே சந்திக்கும் கண் ஆகிய மூன்றும் ஊறிப்போயிருக்கும்.

டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம். கம்பளிப் பந்தைப் போல இரண்டு பங்கு. மட்டை, நரம்போடு சேர்த்து, 300 கிராமைச் சுற்றி இருக்கும். பந்து தரையில் பட்டு எழும்பி வருவதால் கையைப் பின்னால் கொண்டுபோய் முழுசாக வீசுவதற்கு நேரமும் கிடைக்கிறது. பயிற்சியாளர்கள் பூப்பந்துக் கையைப் பார்த்தால் "மணிக்கட்டை ஆட்டாதீங்க" என்று கத்துவார்கள். பாதி நியாயம்தான். ஆனால் நாற்பது வயதில் வந்து நிற்பவரின் மணிக்கட்டை மாற்றுவதைவிட அவருடைய மட்டையை மாற்றுவது சுலபம். கடையில் யாரும் இந்தக் கோணத்தில் பேசுவதில்லை.

என் நண்பர் ஒருவர் வேளாண் துறையில் இருக்கிறார். மேலே சொன்ன அதே கைதான் அவருக்கு. பள்ளியில் பூப்பந்து ஆடியவர், இப்போது சாயங்காலத்தில் டென்னிஸ். கொஞ்ச நாள் ஒரு பழைய மட்டையில் ஓட்டிவிட்டு, புதிதாக ஒன்று வாங்கலாம் என்று தீர்மானித்து, மருத்துவக் கல்லூரி சாலையில் டீ குடிக்கும்போது போனை என் பக்கம் நீட்டினார்.

"அண்ணே, இது நடால் மட்டை. ஆஃபர்ல போட்டிருக்கான். ஆர்டர் பண்ணிரவா?"

"குறுவைக்கு சி.ஆர்.1009 போடலாமான்னு ஒரு விவசாயி வந்து கேட்டா என்ன தம்பி சொல்வீங்க?"

சிரித்துவிட்டார். சி.ஆர்.1009 நூற்றைம்பது நாளுக்கு மேல் வயலில் நிற்கும் சம்பா நெல். குறுவைக்கு ஏ.டி.டி.43 மாதிரி 110 நாளில் அறுவடைக்கு வருவதுதான் தோது. பக்கத்து வயலில் எத்தனை மூட்டை கண்டது என்பது வேடிக்கை பார்க்கத்தான். மேட்டூர் எப்போது திறக்கும், தண்ணீர் தன் மடைக்கு எப்போது வந்து சேரும் என்று பார்த்துத்தான் டெல்டாக்காரர் விதை எடுப்பார். மட்டை வாங்கும்போது மட்டும் அந்த விவேகம் எங்கே போகிறதோ தெரியவில்லை, பக்கத்து வயலைப் பார்த்தே வாங்குகிறோம்.

நடால் மட்டையில் கோளாறு ஒன்றும் இல்லை. அது கேட்கும் உழைப்புதான் பெரிது. பந்துக்குக் கீழே மட்டையைத் தாழ்த்தி, மேல்நோக்கிச் சாட்டையாக வீசி, தலைக்கு மேலே கொண்டுபோய் முடிக்கிற அடிக்காக அமைந்தது அது. அந்த அடி பந்தை முன்பக்கமாக வேகமாகச் சுழல வைக்கும், டாப்ஸ்பின் என்பது இதைத்தான். வலைக்கு மேலே உயரமாகப் போனாலும் பந்து கோட்டுக்குள் இறங்கிவிடும், விழுந்தபின் எதிராளியின் தோளுக்கு எழும்பும். ஒவ்வொரு பந்துக்கும் முழு உடம்பும் உழைக்க வேண்டும். 2008 ஜனவரியில் சென்னை ஓப்பன் பார்க்க நுங்கம்பாக்கம் போனவர்களுக்கு இது நினைவிருக்கும். அரையிறுதியில் நடால் தன் நாட்டுக்காரரான கார்லோஸ் மோயாவை ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆடி வென்றார். மறுநாள் இறுதியில் அவரிடம் கால் இல்லை. யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். இருபத்தொரு வயது நடாலுக்கே அப்படியென்றால் நம் வேளாண் அலுவலர் என்ன ஆவார்?

இன்னொன்று. பெரிய ஆட்டக்காரர்கள் கையில் இருப்பதும் அதே வண்ணத்தில் கடையில் தொங்குவதும் பல சமயம் ஒன்றல்ல. தலையிலும் பிடியிலும் ஈயப்பட்டை ஒட்டி, எடையைத் தங்கள் கைக்குத் தக்கபடி ஏற்றி வைத்திருப்பார்கள். நமக்குக் கிடைப்பது அந்தப் பெயிண்டு.

இனி விஷயத்துக்கு வருவோம். நீளமாகவும் வேகமாகவும் வீசுகிறவரிடம் வலு ஏற்கெனவே இருக்கிறது, பந்து கோட்டுக்கு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதே மட்டையின் வேலை. சின்னதாக வீசுகிறவருக்கு வலுவில் ஒரு பங்கை மட்டை கொடுக்க வேண்டும். வாங்கும்போது பார்க்கிற எண்கள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்: இந்த மட்டை வலுவைக் கொடுக்கிறதா, பிடித்து வைக்கிறதா?

ஆகவே கடைக்குப் போகுமுன் நம் கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். செல்போனைப் பெஞ்சின்மேல் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து, ஆடுவதைப் படம் பிடித்துப் பாருங்கள். முதல் தடவை பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நாம் அடிப்பதாக மனதில் நினைத்திருக்கும் அடியும் படத்தில் தெரியும் அடியும் வேறு வேறு. மட்டை பின்னால் எவ்வளவு தூரம் போகிறது, அடித்த பிறகு எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். தவறும் பந்துகள் வலையில் மாட்டுகின்றனவா, கோட்டைத் தாண்டுகின்றனவா என்று எண்ணுங்கள். அதைவிட முக்கியம், புள்ளி எடுக்கும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது. வலைக்குப் பக்கத்திலா, பின்கோட்டிலா? இரட்டையர் ஆட்டம் மட்டும்தானா?

சின்ன வீச்சுக்கு வலு கொடுக்கும் மட்டை என்ற விதிக்குப் பொருந்தாத ஒரு கை உண்டு, அது நம் ஊர்க் கை. நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்றார், அதை வென்ற முதல் ஆசியர் அவர். 1960, 1961 இரண்டு வருடமும் பெரியவர்கள் போட்டியில் அரையிறுதிவரை போனார். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்தினார். அவருடைய மகன் ரமேஷ் 1979-ல் அதே ஜூனியர் பட்டத்தை எடுத்தார், 1986-ல் விம்பிள்டன் காலிறுதி ஆடினார். 1989-ல் ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்றில், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். தகப்பன், பிள்ளை இருவர் ஆட்டத்திலும் பலம் என்று சொல்ல ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. ரமேஷின் சர்வீஸ் எவ்வளவு மென்மையானது என்பது டென்னிஸ் உலகமே பேசிய விஷயம். எதிராளி கொடுத்த வேகத்தை வாங்கி, திசையை மட்டும் மாற்றி, அவன் இல்லாத இடத்தில் பந்தை வைத்துவிடுவார்கள். வீச்சு சின்னது, ஆனால் வலு இரவல். இப்படி ஆடுகிறவருக்கு வலு கொடுக்கும் மட்டை கெடுதல். பந்தை வைக்க நினைத்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துவிடும்.

மெட்ராஸிலிருந்து வந்த விஜய் அமிர்தராஜ் வேறு ரகம். நெடிய ஆள், உயரத்திலிருந்து சர்வீஸ் போட்டுவிட்டு நேரே வலைக்கு ஓடுவார். 1973-ல் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் காலிறுதி ஆடினார். பத்து வருடம் கழித்து 'ஆக்டோபஸி' படத்தில் அவர் டென்னிஸ் மட்டையால் அடியாட்களை வெளுத்தது தனிக் கதை. அந்த வீச்சில் டாப்ஸ்பின் இருந்ததா என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

கிருஷ்ணனும் இளமைக்கால அமிர்தராஜும் ஆடிய நாளில் மட்டைகள் ஏறக்குறைய ஒன்றேபோல இருந்தன. மரச்சட்டம், 65 முதல் 70 சதுர அங்குல முகம், எடை 370 கிராமுக்குக் குறையாது. பந்து நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பட்டால் மட்டை கையில் திரும்பிவிடும். எல்லோரும் நடுவில் அடிக்கக் கற்றே ஆக வேண்டியிருந்தது, ஆட்ட பாணியைக் கைதான் தீர்மானித்தது. ஹோவர்டு ஹெட் என்ற அமெரிக்கர் வந்து இந்த நிலையை மாற்றினார். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பிறகு பனிச்சறுக்குக் கட்டைகள் செய்து பெரிய பணம் பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு டென்னிஸ் கற்கப் போனார், சுமாராகத்தான் வந்தது. மட்டை கையில் திரும்புவதுதான் தன் தொல்லை என்று கண்டுகொண்டு, கையைத் திருத்துவதற்குப் பதிலாக மட்டையைத் திருத்தினார். அகலம் கூடும்போது திரும்புவதற்கு எதிரான பிடிமானம் அகலத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. கொஞ்சம் அகலப்படுத்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். 1976-ல் பிரின்ஸ் நிறுவனம் வெளியிட்ட அவருடைய மட்டையின் முகம் 110 சதுர அங்குலம். முதலில் சிரித்தார்கள். விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை மரமட்டையோடு கடைசியாக வென்றவர் 1981-ல் ஜான் மெக்கன்ரோ. அதற்குப் பிறகு சில வருடங்களில் மரமே காணாமல் போயிற்று.

முகத்தின் அளவைப் பற்றி நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம், மட்டையில் எழுதியிருக்கும் எண்களில் அதைத்தான் கை உடனே உணர்கிறது. ரோஜர் ஃபெடரர் பல வருடம் 90 சதுர அங்குலத்தில் ஆடி, 2014 முதல் 97-க்கு மாறினார். நடுவில் அடிப்பதில் அவரைவிடக் கெட்டிக்காரரைக் காண்பது அரிது, அவருக்கே கொஞ்சம் இடம் கூடுதலாக வேண்டியிருந்தது. எண்பது, தொண்ணூறுகளின் சின்ன முக மட்டைகளை இணையத்தில் தேடி வாங்கும் ஆர்வலர்களுக்கு இதை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.

ஆடுகளத்தில் பார்க்கும் மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் நம் வேளாண் அலுவலர். சின்ன வீச்சு, நல்ல மணிக்கட்டு, பந்துகள் பாதி வலையில் மாட்டுகின்றன அல்லது நடுக்களத்திலேயே விழுகின்றன. அவருக்கு 100 முதல் 105 சதுர அங்குல முகமும், நரம்பில்லாமல் 270 முதல் 285 கிராம் எடையும் பொருந்தும். நரம்பு மேலே 15 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகச் சேர்க்கும். பூப்பந்து மட்டையின் நினைவில் அவர் 250 கிராமுக்குக் கீழே போகப் பார்ப்பார். விடக் கூடாது. பந்து 58 கிராம், எதிரே ஒரு கல்லூரிப் பையன் ஓங்கி அடித்தால் மிக லேசான மட்டை பின்வாங்கும். அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது முழங்கை.

இரண்டாமவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இரட்டையர் ஆட்டம் மட்டும். வலைக்குப் பக்கத்தில் நின்று வெட்டி விடுவார், தலைக்கு மேலே தூக்கிப் போடுவார், ஓட மாட்டார், ஆனால் எல்லோரையும் ஓட வைப்பார். கிருஷ்ணன் வகைக் கை. வலையடியில் வீச்சே கிடையாது, மட்டையைச் சரியான கோணத்தில் நிறுத்தினால் போதும். எனவே நின்று தாங்க எடை வேண்டும், அதே சமயம் சட்டென்று திருப்பவும் முடிய வேண்டும். இரண்டும் சேர ஒரே வழி, எடை 295, 300 கிராம் இருந்தாலும் அதில் அதிகப் பங்கு கைப்பிடிப் பக்கம் இருக்க வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம். மட்டை பொதுவாக 68.5 செ.மீ. நீளம், நடுப்புள்ளி அடியிலிருந்து 34.2 செ.மீ. அந்த இடத்தில் விரலை வைத்து மட்டையைப் படுக்கப் போடுங்கள். பிடிப் பக்கம் தாழ்ந்தால் தலை லேசு, தலைப் பக்கம் தாழ்ந்தால் தலை கனம். ஆசிரியருக்கு 32 செ.மீ. பக்கத்தில் சமநிலை நிற்கும் மட்டை தோதாக இருக்கும்.

லேசான மட்டைகள் பலவும் தலைகனமாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். மொத்த எடையைக் குறைத்தால் அடியில் கனம் இல்லாமல் போய்விடும் என்பதால் இருக்கிற எடையைத் தலைப்பக்கம் தள்ளிவைக்கிறார்கள். தராசில் லேசு, வீசும்போது அவ்வளவு லேசில்லை. வயதானவர் லேசு என்று நம்பி வாங்கி, இரண்டாவது செட்டில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதனால்தான்.

மூன்றாமவர் பொறியியல் கல்லூரிப் பையன். பின்கோட்டுக்கும் பின்னால் நின்று ஒவ்வொரு பந்தையும் சாட்டையாக வீசுகிறான், கோட்டைத் தாண்டுகிற பந்துகள்தான் அதிகம். நடால் மட்டை பொருந்தக்கூடிய ஆள் இருந்தால் அவன்தான். 98 அல்லது 100 சதுர அங்குலம், 300 கிராம், நரம்புக் கட்டம் 16-க்கு 19. அதாவது நெடுக்கில் 16 நரம்பு, குறுக்கில் 19. கட்டம் அகலமாக இருந்தால் நெடுக்கு நரம்புகள் பந்தோடு சறுக்கிப் போய்ச் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பும். பந்தைச் சுழலவிடுவது அந்தத் திரும்பல். 18-க்கு 20 என்ற நெருக்கமான கட்டத்தில் நரம்பு அவ்வளவு நகராது. தட்டையாக அடித்துத் துல்லியமாக வைக்கிறவர்களுக்கு அது உகந்தது. நம் ஆசிரியருக்குக்கூட அதைக் கொடுத்துப் பார்க்கலாம்.

சட்டத்தின் விறைப்பு என்று இன்னொரு எண் இருக்கிறது, விவரக் குறிப்பில் 55-லிருந்து 75-க்குள் ஏதாவது எழுதியிருக்கும். விறைப்பு கூடினால் சட்டம் வளைந்து வலுவை விழுங்காது, பந்து வேகமாகப் போகும். கைக்கு அதிர்ச்சியும் கூடும். முழங்கை வலி வந்து போனவர்கள் 65-க்குக் கீழே பார்த்துக்கொள்வது நல்லது. கிராஃபைட் வகைகளைப் பற்றிக் கம்பெனிக்காரர்கள் வருடத்துக்கொரு புதுப் பெயரோடு வருவார்கள், அதைப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது நான் அதிகம் பேச ஆசைப்படும் இடத்துக்கு வந்துவிட்டோம். பந்தைத் தொடுவது நரம்புதான், அதுவும் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம். சட்டத்துக்கு எட்டாயிரம், பத்தாயிரம் செலவழிக்கிறவர் நரம்புக்குக் காசு போடத் தயங்குகிறார். கடையில் கட்டி வரும் நரம்பு அறுகிற வரைக்கும் ஆடுகிறவர்களே அதிகம். அது அறுவதற்கு எத்தனையோ மாதம் முன்பே செத்துப்போயிருக்கும்.

நரம்பை இறுக்கிக் கட்டினால் பந்து வேகமாகப் போகும் என்று பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. விஷயம் நேர் எதிர். டென்னிஸ் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போட்டால் 135 முதல் 147 செ.மீ. வரைதான் எழும்ப வேண்டும் என்பது சர்வதேச விதி. அதாவது நசுங்கி எழும்போது பந்து தன் சக்தியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தொலைத்துவிடுகிறது. நரம்பு அப்படி இல்லை, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். இறுக்கமான நரம்பில் பந்து அதிகம் நசுங்கும், நஷ்டம் அதிகம். தளர்ந்த நரம்பில் பந்து நசுங்குவது குறைந்து நரம்பு அதிகம் உள்வாங்கும், நஷ்டம் குறைவு. ஆகவே தளர்த்தினால் வலு, இறுக்கினால் கட்டுப்பாடு. வேளாண் அலுவலருக்கு 50, 52 பவுண்டு போதும். ஓங்கி அடித்து வெளியே விடுகிறவருக்கு 56, 57. சட்டத்தின் உள்பக்கம் இன்ன அளவிலிருந்து இன்ன அளவு வரை என்று எழுதியிருக்கும், அதற்குள் நில்லுங்கள். கட்டுபவர், "ஃபுல் டைட்டா போட்டுரவா சார்?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

பொருளைப் பொறுத்தவரை மூன்று வகை. மாட்டுக் குடலிலிருந்து செய்யும் இயற்கை நரம்பு இன்றைக்கும் கைக்கு மிக மென்மையானது, இழுவிசையையும் நீண்ட நாள் காக்கும். ஆனால் ஈரம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வயலும் வரப்பும் ஒன்றாய்க் கிடக்கும் டெல்டாவில் அதைக் கட்டி வைத்தால் ஊறிப் பிரிய ஆரம்பிக்கும். விலையும் மூச்சு முட்டும். பாலியஸ்டர் நரம்பு வழுவழுப்பானது, விறைப்பானது. கல்லூரிப் பையனின் சாட்டை வீச்சுக்கு அது சுழலையும் கட்டுப்பாட்டையும் கொடுக்கும். 1997-ல் பிரெஞ்சு ஓப்பனை குஸ்தாவோ குயர்த்தன் இந்த வகை நரம்போடு வென்ற பிறகு தொழில்முறை ஆட்டமே அதன் பக்கம் சாய்ந்தது. ஆனால் அது சீக்கிரம் இழுவிசையை இழக்கும், மெதுவாக வீசுகிறவருக்கு ஒரு பயனும் தராது, முழங்கைக்குக் கேடு. சிறு பிள்ளைகள் மட்டையில் அதைக் கட்டித் தருகிறவர்களை என்ன சொல்வது!

மிச்சம் இருப்பது நைலான். அதிலேயே நூற்றுக்கணக்கான இழைகளை முறுக்கிச் செய்த ரகம் ஒன்று உண்டு, குடல் நரம்பின் மென்மைக்குப் பக்கத்தில் வரும், ஈரத்துக்கும் தாங்கும், விலையும் கட்டுப்படியாகும். தஞ்சாவூரில் வாரம் மூன்று நாள் ஆடுகிற யாருக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறீர்களோ வருடத்துக்கு அத்தனை முறை நரம்பு மாற்றுவது டென்னிஸ்காரர்களின் பழைய கணக்கு. கட்டிய தேதியையும் பவுண்டையும் மார்க்கரால் மட்டையின் கழுத்தில் எழுதிவைத்தால் ஏமாற முடியாது.

சித்திரை வெயிலில் பூட்டிய காரின் பின்சீட்டில் மட்டையைப் போட்டுவைத்தால் நரம்பு தளர்ந்துவிடும், எந்த ரகமானாலும். மட்டையை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போங்கள். ஊரில் மெஷின் வைத்துக் கட்டுகிறவர் யார் என்று மட்டை வாங்குமுன் விசாரித்து வைப்பதும் நல்லது. இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறவரைத் தேட வேண்டிவரும்.

கைப்பிடியைப் பற்றிச் சுருக்கமாக. மட்டையைப் பிடித்தபின் விரல்நுனிகளுக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவில் மறுகையின் சுட்டுவிரல் உள்ளே போகும் அளவு இடைவெளி இருந்தால் சரியான அளவு. விரல் நுழையாவிட்டால் பிடி சிறிது, தாராளமாகப் போனால் பெரிது. நம் ஊர் ஆண்கள் பலருக்கு நாலேகால் அங்குலம், அதாவது மட்டையில் 2 என்று எழுதியிருப்பது, அல்லது அதற்கு அடுத்த 3 பொருந்தும். இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் வந்தால் சின்னதையே எடுங்கள். மேலே துணிப்பட்டை சுற்றிப் பெரிதாக்கலாம், பெரியதைச் சின்னதாக்க முடியாது. இங்கே வியர்க்கிற வியர்வைக்குப் பட்டை எப்படியும் சுற்றத்தான் வேண்டும்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். போனை எடுத்து நடாலை மூடினார். "ஒண்ணு விட்டுட்டீங்களே அண்ணே, பாப்பாவுக்கு என்ன வாங்குறது? என் மட்டை வந்தா இந்தப் பழைய மட்டைய அவளுக்குக் குடுத்துரலாம்னு இருந்தேன்."

அதைச் செய்யாதீர்கள் என்றேன். பெரியவர்களின் 27 அங்குல மட்டையைப் பிள்ளையிடம் கொடுத்தால் தூக்க முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அடிக்கும், இரண்டு வருடத்தில் அதுவே பழக்கமாகிவிடும். பிள்ளைகளுக்கு 19 அங்குலத்திலிருந்து 26 வரை தனி மட்டைகள் இருக்கின்றன, வயதைவிட உயரத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். நாலடி இரண்டங்குலம் உயரம் இருந்தால் 25, நாலடி ஏழுக்கு மேலே போனால் 26. கடையில் அவளை நேராக நிற்க வைத்து, கையைத் தொங்கவிட்டு மட்டையைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லுங்கள். நுனி தரையை லேசாகத் தொட வேண்டும், முழங்கை மடங்கினால் மட்டை நீளம். பந்தும் அவளுக்கு வேறு. சிவப்புப் பந்து சாதாரணப் பந்தைவிட 75 சதவீதம் மெதுவானது, ஆரஞ்சு 50 சதவீதம், பச்சைப் புள்ளி போட்டது 25 சதவீதம். உங்க பாப்பா பள்ளியில் பூப்பந்து ஆடுகிறாளா என்று கேட்டேன். ஆடுகிறாள் என்றார். அப்படியானால் ஆரஞ்சிலேயே தொடங்கலாம், கண்ணும் கையும் பழகியிருக்கும், மணிக்கட்டை ஆட்டாதே என்று மட்டும் இப்போதைக்கு யாரும் சொல்ல வேண்டாம் என்றேன்.